‘தா’ என்னும் ஓரெழுத்து

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் கூரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் இன்று கூடியிருக்கும் இக்கூரம், நூல் கேட்பதற்கென்றே நிலம் ஒதுக்கப்பட்ட ஊர். கி.பி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அளித்த கூரம் செப்பேட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அச்சாசனம், 1890ஆம் ஆண்டில் ஹுல்ட்சு பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இடம்பெற்றது. பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் அதில் 25 பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. 20 பங்கு மறையோர்க்குச் செல்கிறது. மூன்று பங்கு இங்குள்ள கோயிலின் வழிபாட்டிற்கும் பழுது பார்ப்பதற்கும் உரியது. ஒரு பங்கு மண்டபத்திற்கு நீரும் தீயும் வழங்குவதற்கு. எஞ்சிய ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, ஊரார் கூடியிருந்து ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்கும் ஓர் ஏற்பாடு இங்கே இருந்தது. நம் வட்டத்திற்கு வயது பத்து என்கிறோம். அதன் வேர் அதனினும் ஆழமானது.

கொடையைப் பொறித்த செப்பேட்டால் புகழ்பெற்ற ஊரில் நின்றுகொண்டு, கொடையைக் குறிக்கும் ஒரு சிறு வினைச்சொல்லைப் பற்றியே பேச விரும்புகிறேன். அது ‘தா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி. இத்தலைப்பை நான் தேர்ந்ததற்குக் காரணம் புலமை காட்டும் ஆசையன்று. எனக்கு இவ்வவையில் ஒரு கடன் இருக்கிறது. அதைத் தீர்க்கவே வந்திருக்கிறேன்.

மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கலாம். வட்டம் தோன்றிய இரண்டாம் ஆண்டில், ‘தா: உலக மொழிகளின் தாய்ச்சொல்’ என்ற தலைப்பில் இங்கே உரையாற்றினேன். கமில் சுவலபில் என்னும் செக் நாட்டு அறிஞர்மீது எனக்கு இளமை முதலே பெருமதிப்பு உண்டு. 1927இல் பிராகா நகரில் பிறந்து, 1968க்குப் பின் தாயகம் நீங்கி வாழ்ந்து, 2009இல் மறைந்தவர். முருகனின் புன்னகை என்று பொருள்படும் தலைப்பில் 1973இல் தமிழிலக்கிய வரலாறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் தந்தவர். அவர் தாய்மொழி எப்படிப்பட்டது என்று அறியும் ஆவலில் ஒரு செக் அகராதியைப் புரட்டினேன். ‘கொடுத்தல்’ என்பதற்கு அதில் ‘தாத்’ என்றிருந்தது. ‘அவன் கொடுப்பான்’ என்பதற்குத் ‘தா’ என்றே இருந்தது. ‘கொடை’ என்பதற்குத் ‘தர்’ என்றிருந்தது. மயிர் சிலிர்த்தது. தாவும் தருவும் காஞ்சியிலிருந்து பிராகா வரை நடந்து சென்றிருக்கின்றன என்று முழங்கினேன். வரம் வரத் தருபவன் வரதன் என்றும், ஆகையால் நம் பேரருளாளப் பெருமாளின் பெயரே தமிழ் ‘தா’வுக்குச் சான்று என்றும் சொன்னேன். அவை எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டல் அடங்கியபின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். காஞ்சியில் தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பெண். அப்போது பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். “அம்மா, எங்கள் வீட்டில் ‘தே’ என்றால் ‘கொண்டுவா’ என்று பொருள். ‘கொடு’ என்பதற்கு ‘இவ்வு’ என்போம். பக்கத்து வீட்டுத் தெலுங்கிலேயே ‘தா’ கொடுப்பதைக் குறிக்கவில்லையே. அது எப்படி அவ்வளவு தூரத்து மொழியில் போய்க் கொடுப்பதைக் குறிக்கும்?” என்று கேட்டார். “அது காலத்தால் நேர்ந்த திரிபம்மா” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அதற்கும் கைதட்டினார்கள். அவ்வுரை நம் வட்டத்தின் தொகுப்பில் அச்சேறியது; பிற கல்லூரி மாணவர் சிலர் தம் கட்டுரைகளில் அதை மேற்கோளாகவும் காட்டியுள்ளனர். அந்தப் பெண்ணின் கேள்வி மட்டும் எட்டாண்டுகளாக என்னைவிட்டு நீங்கவில்லை. அவர் கேட்டதே சரி. நான் சொன்னது தவறு. எங்ஙனம் தவறு என்பதையே இன்று சொல்லப் போகிறேன்.

செக் வினையின் திரிபு

முதலில் அச்செக் வினையை அதன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம். இங்கே நான் எழுதும் முதல் தகரத்தைப் ‘பந்து’ என்னும் சொல்லில் வரும் மெலிந்த தகரம்போல ஒலித்துக்கொள்ளுங்கள்.

‘தாம்’ என்றால் நான் கொடுப்பேன். ‘தாஷ்’, நீ கொடுப்பாய். ‘தா’, அவன், அவள் அல்லது அது கொடுக்கும். ‘தாமெ’, நாங்கள் கொடுப்போம். ‘தாத்தெ’, நீங்கள் கொடுப்பீர்கள். ‘தயீ’, அவர்கள் கொடுப்பார்கள். ஏவல் ‘தெய்’. இவ்வடிவங்கள் பார்வைக்கு நிகழ்காலம் போன்றவை, பொருளிலோ எதிர்காலம். காரணம், ‘தாத்’ என்பது முற்றுப்பெறும் செயலை மட்டுமே சுட்டும் வினை. முடிந்துவிடும் ஒரு செயல் இக்கணத்தில் நடந்துகொண்டிருக்க இயலாது. ஆகவே ‘தாம்’ என்பதற்குக் ‘கொடுத்துவிடுவேன்’ என்பதே நேரான தமிழ். ‘கொடுத்துக்கொண்டிருக்கிறேன்’, ‘வழக்கமாகக் கொடுத்து வருகிறேன்’ என்று சொல்ல அவர்களுக்கு வேறொரு வினை உண்டு, அது ‘தாவத்’. அதன் தன்மை வடிவம் ‘தாவாம்’. நாம் ‘விடு’, ‘கொண்டிரு’, ‘வா’ என்னும் துணைவினைகளை ஒட்டிச் சொல்வதை அவர்கள் இருவேறு வினைகளால் சொல்கின்றனர்.

இறந்தகாலம் நமக்கு நெருக்கமாகத் தோன்றும். ‘தல்’ ஆண்பால், ‘தல’ பெண்பால், ‘தலொ’ பால் சாராதது. தந்தான், தந்தாள், தந்தது என்பன போலவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் ‘தந்தேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். தன்மைக்குப் பால் இல்லை. செக் மொழியிலோ ‘நான் கொடுத்தேன்’ என்று சொல்லும் பெண் ‘தல செம்’ என்றும், ஆண் ‘தல் செம்’ என்றும் சொல்ல வேண்டும். தன் பாலைச் சொல்லாமல் அங்கே ஒருத்தி தன் கடந்தகாலத்தைப் பேச முடியாது.

செக் சொல்லின் பிறப்பு

இச்சொல் எங்கிருந்து வந்தது? உருசிய மொழியிலும் கொடுத்தல் ‘தாத்’ என்பதே. இலத்தீனில் ‘தாரே’, கிரேக்கத்தில் ‘திதோமி’, வடமொழியில் ‘ததாதி’. இவையாவும் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இதை வெறும் ஒலியொப்புமையால் சொல்லவில்லை. செக் மொழியில் தகரம் வருமிடத்தில் வடமொழியிலும் இலத்தீனிலும் தகரமே வர, ஆங்கிலத்தில் மட்டும் அது வல்லொலியான டகரமாக மாறும் என்பது ஒரு விதி. செக் ‘த்வ’, இலத்தீன் ‘துஓ’, வடமொழி ‘த்வி’, ஆங்கிலம் ‘டூ’: இரண்டு. செக் ‘தெசெத்’, இலத்தீன் ‘தெக்கெம்’, வடமொழி ‘தச’, ஆங்கிலம் ‘டென்’: பத்து. எண்ணுப்பெயரில் ஒன்று, வினையில் ஒன்று என விதி மாறுவதில்லை. ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழும் இவ்வொலியிணையே உறவுக்குச் சான்று. அக்குடும்ப வரிசையில் நம் இரண்டும் பத்தும் எங்கும் சேர்வதில்லை. அண்டை வீட்டாருடன் ஒரே ஒரு சொல் ஒத்திருப்பதால் மட்டும் நாம் அவ்வீட்டுப் பிள்ளை ஆகிவிட மாட்டோம்.

என்னை மயக்கிய ‘தர்’ என்னும் பெயர்ச்சொல்லையும் பாருங்கள். அதில் உள்ள ரகரம் வேரைச் சேர்ந்ததன்று, பெயராக்கும் விகுதி. அதே வேரோடு னகர விகுதி சேர்ந்தால் வடமொழியில் ‘தானம்’ ஆகும். செக் மொழியில் அதே வகையில் அமைந்த ‘தஞ்’ என்னும் சொல்லுக்கு இன்று ‘வரி’ என்று பொருள். நம் நாட்டில் தானம் என்பது அரசன் கொடுப்பது. அவர்கள் நாட்டில் அதன் உடன்பிறப்பு குடிகள் அரசுக்குக் கொடுப்பதாயிற்று. ஒரு வேர், இரு நாட்டில் எதிரெதிர்த் திசையில் ஓடியிருக்கிறது.

‘வரதன்’ என்னும் பெயரும் அக்குடும்பத்ததே. வரம் என்பதோடு ‘தா’ என்னும் வடமொழி வேர் சேர்ந்து ‘வரதன்’ ஆயிற்று. அத்திகிரியில் நிற்கும் பெருமாளின் பெயரின் ஈற்றெழுத்துக்கும் பிராகாவில் பேசும் வினைக்கும் உறவு உண்டென்று அன்று நான் சொன்னது உண்மையே. அவ்வுறவு வடமொழி வழிப்பட்டது. தமிழ் ‘தா’ வழிப்பட்டதன்று. நம் பேச்சில் வழங்கும் தானம், தத்துப்பிள்ளை என்பதில் உள்ள தத்து ஆகியனவும் அவ்வழியில் வந்து நம் வீட்டில் தங்கிய விருந்தாளிகளே.

தமிழ்ச் சொல்லின் பிறப்பு

நம் ‘தா’ வேறு குடியில் பிறந்தது. அதன் உறவினரைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கன்னடத்தில் ‘தா’, ‘தரு’, பொருள் கொண்டுவருதல். தெலுங்கில் ‘தே’, ‘தெச்சு’, பொருள் கொண்டுவருதல். மலையாளத்தில் ‘தருக’, பொருள் தருதல். தமிழிலும் பழம்பொருள் முற்றும் அழியவில்லை. ‘வெளியூரிலிருந்து பட்டு நூல் தருவித்தார்’ என்கிறோம். இங்கே தருவித்தல் என்பது கொண்டுவரச் செய்தலே. ஆக, தொடக்கத்தில் ‘தா’ என்பது ‘இங்கே கொண்டுவா’ என்னும் பொருளுடையதாய் இருந்திருக்க வேண்டும். அந்தப் பெண் தன் வீட்டுப் பேச்சிலிருந்து சொன்னது இதைத்தான். பர்ரோவும் எமனோவும் 1961இல் முதலில் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிட வேர்ச்சொல் அகராதியும் இவற்றையெல்லாம் ஒரே பதிவின்கீழ்த் தொகுக்கிறது.

அதன் திரிபும் இதையே உறுதிசெய்கிறது. தா, தருகிறான், தருவான், தந்தான், தாரான், தாரீர் என்பவற்றுக்குப் பக்கத்தில் வா, வருகிறான், வருவான், வந்தான், வாரான், வாரீர் என்பவற்றை வைத்துப் பாருங்கள். நாடாவின் இரு நுனிபோல இரண்டும் ஒத்திருக்கின்றன. தமிழில் இத்தகைய நடையை உடைய வினைகள் இவ்விரண்டே. வா என்பது இங்கு நோக்கி அடைதல். தா என்பது இங்கு நோக்கிப் பொருளை அடைவித்தல். இவ்விரட்டைப் பிறப்பில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அயல்நாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘தா’ செக் மொழிக்குச் சென்றதென்றால் ‘வா’வும் உடன் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை.

அப்படியானால் ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்திருப்பது ஏன்? தற்செயல். ஆங்கிலத்தில் கெட்டது என்பதற்குப் ‘பேட்’ என்பர். பாரசீகத்தில் ‘பத்’ என்பர். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. ஆயினும் இரண்டும் வெவ்வேறு வேரில் தோன்றியவை என்பதை மொழியறிஞர் அனைவரும் ஒப்புக்கொள்வர். இத்தனைக்கும் அவ்விரு மொழிகளும் ஒரே குடும்பத்தவை. மாந்தர் வாயில் எழும் ஒலிகள் சிலவே, சொற்களோ பல்லாயிரம். ஓரெழுத்துச் சொற்கள் எங்கேனும் மோதிக்கொள்ளத்தான் செய்யும்.

வாளின் மறுமுனை

“இதனால் என்ன நட்டம்? தமிழைச் சற்றுப் பெரிதாகச் சொன்னால் யாருக்கு என்ன கெடுதி?” என்று அன்பர் சிலர் கேட்டனர். இக்கேள்விக்கு விடை சொல்லவே இவ்வளவும் பேசினேன்.

செக் மொழியின் ‘தாத்’தும் வடமொழியின் ‘ததாதி’யும் உடன்பிறப்புகள் என்று கண்டோம். தமிழ் ‘தா’வுக்கும் செக் ‘தா’வுக்கும் உறவு என்று நான் சொல்லும்போது, தமிழ் ‘தா’வுக்கும் வடமொழித் ‘தா’வுக்கும் உறவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உறவு என்று ஆனபின், யாரிடமிருந்து யார் பெற்றார் என்பது வழக்காடுவோரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். நான் தமிழிலிருந்து போயிற்று என்பேன். இன்னொருவர் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது என்பார். என் சான்று எதுவோ அதுவே அவர் சான்றும் ஆகும். நான் வீசிய வாள் என் தாயின் கழுத்துக்கே திரும்பும்.

தென்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை என்று பலரும் நம்பிய காலம் இருந்தது. 1816இல் எல்லிசு அதை மறுத்தார். 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதி அம்மறுப்பை நிலைநாட்டினார். அவர்கள் எவ்வாறு வென்றனர்? ஒலியொத்த சொற்களைக் கூட்டிக் காட்டியா? இல்லை. வேர், விகுதி, எண்ணுப்பெயர், மூவிடப்பெயர் ஆகியவற்றை வரிசையாக நிறுத்தி, ஒத்திருப்பதுபோலத் தோன்றும் சொற்களிலும் கடன் எது, பிறப்புரிமை எது என்று பிரித்துக் காட்டியே வென்றனர். தமிழுக்குத் தனிக்குடி உண்டு என்று நாம் இன்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வது அம்முறையின் பயனால். நமக்கு வேண்டியபோது அம்முறையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாதபோது கைவிட்டால், நம் வீட்டுச் சுவரை நாமே இடிப்பவர் ஆவோம். அத்தவற்றை நான் செய்தேன்.

தொல்காப்பியர் கண்ட திசை

அன்றைய உரையில் நான் இன்னொரு பெரும்பிழையும் செய்தேன். இல்லாத பெருமையைத் தேடி ஓடிய அவசரத்தில், கைவசம் இருந்த பெருமையைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் செலவு, வரவு, தரவு, கொடை என நான்கு சொற்களை எடுத்துக்கொள்கிறார். வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை; செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்று வகுக்கிறார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தேன், அவனுக்குக் கொடுத்தேன் என்பதே மரபு. வாவையும் தாவையும் ஒரு பக்கம் இணைத்து வைத்தது எவ்வளவு நுட்பம்! நான் சற்றுமுன் ஒப்பிட்டுக் காட்டிய இரட்டைப் பிறப்பை, வேறு வழியில், பொருள்நிலையில் அவர் கண்டிருக்கிறார். இன்று நம் வழக்கில் இவ்வேறுபாடு தளர்ந்துவிட்டது. மலையாளம் அதை இன்றும் கட்டிக் காக்கிறது. எனக்கோ உனக்கோ என்றால் ‘தருக’, மூன்றாமவர்க்கென்றால் ‘கொடுக்குக’.

எச்சவியலில் அவர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒருவர் இன்னொருவரிடம் இரக்கும்போது வரும் சொற்கள். கேட்பவன் தாழ்ந்தவனாயின் ‘ஈ’ என்பான். ஒத்தவனாயின் ‘தா’ என்பான். உயர்ந்தவனாயின் ‘கொடு’ என்பான். உயர்ந்தவன் தனக்காகக் கேட்கும்போது படர்க்கைக்கு உரிய ‘கொடு’ வருவது எப்படி? தன்னையே பிறன் ஒருவன்போல வைத்துச் சொல்லும் குறிப்பு அது என்று அதற்கும் அமைதி கூறுகிறார். கைநீட்டிப் பெறும் வேளையிலும் பெறுபவன் தானல்லன், யாரோ ஒருவன் என்பதுபோல நடிக்கும் மேலோர் மனத்தை ஒரு நூற்பாவில் அளந்துவிட்டார். செக் மொழி கொடுத்தல் முடிந்ததா, முடியவில்லையா என்று கேட்கிறது. பழந்தமிழ் யார் யாருக்கு, எந்தத் திசையில், எந்த நிலையில் நின்று என்று கேட்கிறது. இரண்டுமே அறிவுடைய கேள்விகள். ஒன்றைப் பெரிதாக்க மற்றொன்றைப் பிள்ளையாக்க வேண்டியதில்லை.

கவிஞர்களுக்கு ஒன்று சொல்வேன். நல்வழியின் கடவுள் வாழ்த்தாக ஔவையார் பெயரால் வழங்கும் வெண்பாவை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. நான்கு பொருளை உனக்கு நான் தருகிறேன், மூன்று தமிழை எனக்கு நீ தா என்று யானைமுகனிடம் பேரம் பேசும் பாட்டு அது. போகும் பொருளுக்கும் தருதல், வரும் பொருளுக்கும் தருதல். ‘ஈ’ என்று அவர் இரக்கவில்லை. தெய்வத்தை ஒத்த நிலையில் நிறுத்தித் ‘தா’ என்கிறார். இலக்கணம் தெரிந்தால் அப்பாட்டின் துணிவு தெரியும். கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் ‘தரவு’ என்று பெயர் இட்டதையும் எண்ணிப் பாருங்கள். இன்று கணிப்பொறித் துறையில் நாம் வழங்கும் ‘தரவு’ என்னும் சொல்லும் தா என்பதில் பிறந்ததே. அதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லோ, ‘கொடுக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வேர் வேறு, எண்ணம் ஒன்று. சொற்களின் உறவைவிட மனங்களின் உறவு எனக்கு இப்போது பெரிதாகத் தோன்றுகிறது.

மனங்கள் ஒத்திருப்பது எப்போதும் மகிழ்ச்சி தருவதன்று. செக் மொழியில் ஒரு பெண் மணம் புரிவதை ‘வ்தாத் செ’ என்பர். கொடுத்தல் வினையே அதில் உள்ளது. ஆணுக்கு அச்சொல் வராது. அவனுக்கு, மனைவி என்னும் பெயரிலிருந்து ஆக்கிய வேறொரு வினை. நாமும் ‘பெண் கொடுத்தோம்’, ‘பெண் எடுத்தோம்’ என்கிறோம். இரண்டு கண்டங்களில், தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில், பெண் கொடுக்கப்படும் பொருளாகவே இருந்திருக்கிறாள். இதற்கு மொழிக்குடும்பம் காரணமன்று.

என் தந்தையார் காஞ்சியில் கூலிக்குத் தறி நெய்தவர். பாவு கொடுத்தார்கள், நெய்து கொடுத்தோம், கூலி கொடுத்தார்கள் என்றுதான் அவர் கணக்குச் சொல்வார். ஒருநாளும் ‘தந்தார்கள்’ என்று அவர் வாயில் கேட்டதில்லை. தறிக்குழியில் கால் வைத்தபடி என்னை அழைக்கும்போது மட்டும் ‘தண்ணி தாம்மா’ என்பார். வெளியே ஆயுள் முழுதும் கொடுத்தல்; வீட்டில் மட்டும் தருதல். தொல்காப்பியத்தை அவர் படித்ததில்லை. நான் படித்து, முனைவர் பட்டமும் பெற்றபின், அவர் பேச்சில் இருந்த தொல்காப்பியத்தை அறிய இத்தனை ஆண்டுகள் ஆயின.

நிறைவாக, இவ்வூரின் பெயரைத் தம் பெயராகக் கொண்ட கூரத்தாழ்வானை நினைத்து முடிக்கிறேன். பெருஞ்செல்வத்தை வாரி வழங்கிவிட்டு இராமாநுசரிடம் சென்றவர். ஆசிரியரைக் காக்கத் தாம் அவர் உடையில் சோழன் அவைக்குச் சென்று, கண்ணிழந்தவர். அவ்விழப்புக்கு நாலூரான் என்பவன் காரணமாய் இருந்தான் என்பர். பின்னர் இராமாநுசர், வரதனைப் பாடி இழந்த கண்களைக் கேள் என்று பணித்தார். அவர் வடமொழியில் வரதராசத்தவம் பாடினார். வரம் தர வந்த பெருமாளிடம் தமக்குக் கண் கேட்கவில்லை. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றே கேட்டார் என்பது குருபரம்பரை வழிவரும் செய்தி. இலக்கணத்தால் சொன்னால், ‘எனக்குத் தா’ என்று கேட்கச் சென்றவர் ‘அவனுக்குக் கொடு’ என்று கேட்டுத் திரும்பினார். தாவுக்கும் கொடுவுக்கும் உள்ள தொலைவை அவ்வளவு எளிதாகக் கடந்தவர் பிறந்த மண் இது.

அம்மண்ணில் நின்று இரண்டு வேண்டுகோள். என் பழைய உரையை இனி எவரும் மேற்கோள் காட்ட வேண்டா; அதன் இடத்தில் இவ்வுரையை இம்மலரில் சேர்க்குமாறு பதிப்புக் குழுவினரைக் கேட்டுக்கொண்டேன்; இசைந்தார்கள். இரண்டாவது, அன்று பின்வரிசையிலிருந்து எழுந்த அந்தப் பெண்ணுக்கு. இன்று அவரும் ஓர் ஆசிரியை. இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று உங்கள் கேள்விக்கு நான் விடை கொடுத்தேன், தரவில்லை. இன்று தந்துவிட்டேன் என்று நம்புகிறேன். பொறுத்தருளுங்கள், அம்மா.